ஆறாயிரம் ரூபாயை அள்ளிக்கொண்டு போனது யார்?

எங்கள் அபார்ட்மென்ட்டில் மொத்தம் 24 வீடுகள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் நடந்தது. லிஃப்ட் ரிப்பேர் செலவு மூன்று லட்சம் என்றார்கள். ஐந்து நிமிடத்தில் ஒப்புதல். மாடியில் நீர்க்கசிவைத் தடுக்க ஒன்றரை லட்சம். எல்லோரும் தலையாட்டினோம்.

கடைசி அயிட்டம், தினமும் குப்பை எடுக்க வரும் அம்மாவுக்குத் தீபாவளிக் காசு. வீட்டுக்கு 50 ரூபாயா, 100 ரூபாயா?

அங்கேதான் சார் கூட்டம் சூடு பிடித்தது. “போன வருஷமே அம்பதுதான்.” “இவங்களுக்குப் பழக்கப்படுத்தக் கூடாது.” “கார்ப்பரேஷன் சம்பளம் தருது, நாம ஏன் தரணும்?” “போஸ்ட்மேன், கேஸ் போடறவர், செக்யூரிட்டி எல்லாரும் கேப்பாங்க.” நாற்பது நிமிடம் விவாதம். கடைசியில் 50 ரூபாய் என்று ஏகமனதாகத் தீர்மானம். ஆக, மொத்தம் 1,200 ரூபாய்.

நான் பி.காம். படித்தவன். எங்கே போனாலும் கணக்குப் போட்டுப் பார்க்கிற கெட்ட பழக்கம் என்னை விடவில்லை. அன்றைய கூட்டத்தில் ஆளுக்கு ஒரு பிளேட் போண்டாவும் காபியும் வந்தன. 24 பேருக்கு, தலைக்கு 60 ரூபாய். மொத்தம் 1,440 ரூபாய்.

வருடம் முழுக்க எங்கள் வீட்டு எச்சிலை, நாப்கினை, அழுகிய காய்கறியை, குழந்தையின் டயப்பரை அள்ளிய கைகளுக்கு நாங்கள் ஒதுக்கியது, அதை விவாதிக்கும்போது சாப்பிட்ட போண்டாவைவிட 240 ரூபாய் குறைவு.

அந்தக் கூட்டத்தில் நானும்தான் கை தூக்கினேன். போண்டாவும் சாப்பிட்டேன். அதனால் இதை உங்களைத் திட்டுகிற கட்டுரையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

* * *

மறுநாள் காலையில் அந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஆறு வருடமாக வருகிறார். முப்பத்தெட்டு வயது இருக்கலாம். “பேரு எல்லாம் எழுதாதீங்க சார், வேலை போயிடும்” என்றார். எழுதவில்லை.

“கையில எவ்வளவும்மா வருது?”

“பிடித்தமெல்லாம் போக பதினாறு வருது சார். லீவு போடாம இருந்தா. ஒடம்பு சரியில்லைனு ரெண்டு நாள் படுத்தா அது கட்.”

“கார்ப்பரேஷன் சம்பளமா?”

சிரித்தார். “சட்டையிலதான் கார்ப்பரேஷன். சம்பளம் கம்பெனிது.”

எங்கள் பகுதி தென் சென்னை. தெற்கே தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு, பெருங்குடி, சோழிங்கநல்லூர் என்று ஏழு மண்டலங்களின் குப்பை 2020 முதல் தனியார் நிறுவனத்தின் கையில். சங்கக் கூட்டத்தில் “கார்ப்பரேஷன் சம்பளம் தருதே” என்று சொன்ன நண்பருக்கு இது தெரியாது. தினமும் வாசலில் பார்க்கிற ஆளுக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று ஆறு வருடமாக நம்மில் யாருக்குமே தெரியவில்லை.

அவர் அடுத்துச் சொன்னதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

“என் நாத்தனா திரு.வி.க. நகர் பக்கம் சார். போன ஆகஸ்ட் வரைக்கும் அவ இருபத்து மூணு வாங்கினா, நான் பதினாறு. ரெண்டு பேரும் அள்றது ஒரே குப்பைதான?”

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

* * *

அந்த நாத்தனார் 2025 ஆகஸ்ட்டில் எங்கே இருந்தார் என்று தெரியுமா? ரிப்பன் மாளிகை வாசலில், நடைபாதையில்.

ராயபுரம், திரு.வி.க. நகர் என்ற இரண்டு மண்டலங்களில் சுமார் இரண்டாயிரம் பேர், தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் சுய உதவிக் குழு என்ற பெயரில் மாநகராட்சிக்காகக் குப்பை அள்ளினார்கள். பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர்கள் அதில் நிறைய. திடீரென்று இந்த இரண்டு மண்டலங்களையும் தனியாருக்குக் கொடுத்தாயிற்று, இனிமேல் கம்பெனியில் சேருங்கள் என்றார்கள். மாதம் 23 ஆயிரத்தை ஒட்டி வாங்கிக்கொண்டிருந்த எங்களுக்குக் கையில் 16 ஆயிரம் சொச்சம்தான் வரும் என்று தொழிலாளர்கள் கணக்குச் சொன்னார்கள். ஆகஸ்ட் 1-ம் தேதி முதல் ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். வெயில், மழை எல்லாம் அங்கேதான். பதின்மூன்று நாள்.

நடைபாதையை மறித்துப் போராடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 13-ம் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்து அவர்களைத் தூக்கி பஸ்களில் ஏற்றியது. மறுநாளே அமைச்சரவை கூடி, தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு, பத்து லட்ச ரூபாய் காப்பீடு, வீடு, சுயதொழில் கடன், பிள்ளைகளுக்குக் கல்வி உதவி என்று அறிவித்தது. அதற்கு மறுநாள் சுதந்திர தினம்.

காலை உணவு வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதிகாலையில் வெறும் வயிற்றோடு குப்பை அள்ளுகிறவருக்கு இட்லி பெரிய விஷயம். ஆனால் அவர்கள் கேட்டது இட்லி இல்லை. வேலையும் சம்பளமும். அது இருந்தால் இட்லியை அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.

தனியாருக்குக் கொடுத்ததை ரத்து செய்ய அதே மாதம் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால் கடைசியாக வாங்கிய சம்பளம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. அந்தச் சம்பளம் நாளொன்றுக்கு 761 ரூபாய். 30 நாளுக்குப் பெருக்கினால் 22,830. அப்படியென்றால் 23 ஆயிரம் என்று தொழிலாளர்கள் சொன்னது பொய் இல்லை.

எனக்கு இங்கேதான் ஒரு சந்தேகம். இரண்டு மண்டலத்துக்காரர்களுக்குச் சம்பளம் குறையக் கூடாது என்றால், ஏற்கெனவே குறைந்த சம்பளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற மண்டலத்துக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்? எங்கள் வீட்டுக்கு வரும் அம்மா ரிப்பன் மாளிகை வாசலில் உட்காராததுதான் அவர் செய்த தப்பா?

ஒரே நகரத்தில், ஒரே வேலைக்கு மூன்று வகை ஆட்கள். மாநகராட்சியின் நிரந்தர ஊழியருக்கு அரசு ஊதிய விகிதம், அகவிலைப்படி, வருடாந்திர உயர்வு. குழு என்ற பெயரில் வந்தவருக்கு தினக்கூலி. கம்பெனி ஆளுக்கு அதற்கும் கீழே. தற்காலிக ஊழியர் என்பதற்காக, ஒரே வேலைக்குக் குறைந்த சம்பளம் தருவது தவறு என்று உச்ச நீதிமன்றம் 2016-ல், பஞ்சாப் அரசு சம்பந்தப்பட்ட ஜக்ஜித் சிங் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நடுவில் ஒரு கான்டிராக்டரை நிறுத்திவிட்டால் ‘அது எங்க ஊழியர் இல்லையே’ என்று சொல்லிவிடலாம். கான்டிராக்டின் முதல் லாபமே அதுதான்.

* * *

சரி, 16 ஆயிரம் போதுமா? “அவங்களுக்கு என்ன பெரிய செலவு?” என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அந்த அம்மாவையே உட்காரவைத்துக் கணக்கு எழுதினேன். துரைப்பாக்கம் பக்கம் ஒற்றை அறை வாடகை வீடு. கணவர் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து வீட்டில்தான். மகன் ஐ.டி.ஐ. போகிறான். மகள் ஒன்பதாம் வகுப்பு.

வாடகை 6,500. கரன்ட் 700. (உங்களுக்கும் எனக்கும் முதல் 100 யூனிட் இலவசம். அவருக்கு இல்லை. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார்.) கேஸ் சிலிண்டர் 900. தண்ணீர் கேன் 400. பால் 600. ரேஷன் அரிசி போக மளிகை, எண்ணெய், சோப்பு 3,500. காய்கறி, முட்டை, ஞாயிற்றுக்கிழமை மீன் 3,000. பிள்ளைகள் படிப்பு, நோட்டு, பஸ் 1,500. இரண்டு போன் ரீசார்ஜ் 600. மருந்து மாத்திரை 800. மகளிர் குழுக் கடன் தவணை 2,500.

கூட்டிப் பாருங்கள். 21,000 ரூபாய்.

இதில் துணிமணி இல்லை. தீபாவளி இல்லை. சொந்தத்தில் ஒரு காது குத்து, ஒரு சாவு இல்லை. சினிமா இல்லை. சேமிப்பு என்ற வரியே இல்லை. ரேஷன் அரிசிக்குக் காசில்லை என்பதையும் கழித்துவிட்டேன். பஸ் செலவு இல்லை என்பதையும் கழித்துவிட்டேன். “பஸ்ஸு ஃப்ரீ சார், அத்த மட்டும் ஒத்துக்கணும்” என்று அவரே சொன்னார்.

வரவு 16. செலவு 21. ஐந்தாயிரம் துண்டு விழுகிறது. 2023-ல் ஆரம்பித்த மகளிர் உரிமைத் தொகை ஆயிரத்தைச் சேர்த்தால் நாலாயிரம்.

இப்போது அவருடைய நாத்தனார் வாங்கிய 23 ஆயிரத்தை இதே கணக்கில் வைத்துப் பாருங்கள். செலவு போக இரண்டாயிரம் மிஞ்சும். பிள்ளைக்கு ஒரு டியூஷன் வைக்கலாம். சீட்டுப் போடலாம். அவ்வளவுதான். 23 ஆயிரம் என்பது சொகுசு இல்லை சார். கடன் வாங்காமல் மாதத்தை முடிக்கிற தொகை. அதிலிருந்து ஆறாயிரத்தை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த அம்மாவே சாட்சி. பகலில் குப்பை வேலை முடிந்த பிறகு இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். அப்படியும் பத்தாத மாதம் வட்டிக்கு வாங்குகிறார்.

* * *

“நீங்களா ஒரு கணக்குப் போட்டுட்டு நியாயம்னு சொல்றீங்க” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. அரசாங்கமே போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கலாம்.

1957-ல் 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு நடந்தது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்து, குறைந்தபட்ச ஊதியம் எதை வைத்து நிர்ணயிக்கப்பட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஒரு குடும்பத்தை மூன்று வயது வந்தவர்களாகக் கணக்கிட வேண்டும். ஒருவருக்கு நாளைக்கு 2,700 கலோரி சாப்பாடு. குடும்பத்துக்கு வருடத்துக்கு 72 கஜம் துணி. வாடகை. எரிபொருள், விளக்கு, இதர செலவுக்கு 20 சதவிகிதம். அந்தச் சாப்பாட்டுக் கணக்கு டாக்டர் அய்க்ராய்டு சொன்னது. யாரோ டில்லிக்காரர் என்று நினைக்காதீர்கள். நம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநராகப் பத்து வருடம் இருந்தவர்.

1991-ல் உச்ச நீதிமன்றம் ரெப்டகோஸ் பிரட் வழக்கில், பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், பண்டிகை, திருமணம், முதுமை இவற்றுக்காக இன்னும் 25 சதவிகிதம் சேர்க்க வேண்டும் என்றது. தொழிலாளியும் மனிதன், அவன் வீட்டிலும் கல்யாணம் நடக்கும் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

இந்தக் கணக்கை அரசு எங்கேயாவது உண்மையாகப் போட்டிருக்கிறதா? போட்டிருக்கிறது. தன் சொந்த ஊழியர்களுக்கு. மத்திய அரசின் ஏழாவது ஊதியக் குழு இந்தச் சூத்திரத்தை வைத்துத்தான் கடைநிலை ஊழியரின் அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. அது 2016 ஜனவரிக் கணக்கு. 2025 ஜூலை முதல் அகவிலைப்படி 58 சதவிகிதம். 18,000-த்தோடு சேர்த்தால் 28,440. வீட்டு வாடகைப் படி தனி.

ஆக, அதே 2,700 கலோரி, அதே 72 கஜம் துணி. அரசு அலுவலகத்தில் ஃபைல் தூக்குகிறவர் குடும்பத்துக்கு அதன் விலை 28,440. தெருவில் குப்பை தூக்குகிறவர் குடும்பத்துக்கு 16,000. ஃபைல் தூக்குகிறவருக்கு அதிகம் என்று நான் சொல்லவில்லை. அவர் சம்பளத்தில் யாரும் கை வைக்க வேண்டாம். குப்பை அள்ளும் அம்மாவின் பிள்ளைக்கு மட்டும் கலோரி குறைவாகப் போதும் என்று எந்த டாக்டர் சொன்னார்?

* * *

இனி, அடிக்கடி காதில் விழும் வாதங்களுக்கு வருகிறேன்.

“இன்ஜினீயரிங் படிச்சவனுக்கே பதினஞ்சாயிரம்தான் தர்றான். படிக்காதவங்களுக்கு இருபத்து மூணா?” இது எங்கள் மாடி வீட்டுக்காரர் கேட்டது. இன்ஜினீயருக்குப் பதினைந்தாயிரம் தருவது அநியாயம். ஒரு அநியாயத்தைக் காட்டி இன்னொரு அநியாயத்தை நியாயப்படுத்தினால், நாளை இன்ஜினீயர் கூட்டிக் கேட்கும்போது முதலாளி இந்த அம்மாவைக் காட்டுவார். தவிர, அந்த இன்ஜினீயர் ஒரு வாரம் வரவில்லை என்றால் நமக்குத் தெரியாது. இந்த அம்மா மூன்று நாள் வரவில்லை என்றால் நம் மூக்குக்குத் தெரியும்.

“கம்பெனிக்குப் போனா பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் இருக்கே.” மாநகராட்சியும் இதைத்தான் சொன்னது. நல்லது. ஆனால் அது சட்டப்படி உரிமை, சலுகை இல்லை. சம்பளத்தைக் குறைத்து அதற்கு ஈடாகத் தருகிற பொருளும் இல்லை. 45 வயதில் ஒரு பெண் பி.எஃப். ஓய்வூதியத்தில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 58 வயதில் 13 வருட சர்வீஸ். 15,000 ரூபாய் உச்சவரம்பில் முழுசாகக் கணக்குப் போட்டாலும், 15,000-ஐ 13-ஆல் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். மாதம் 2,785 ரூபாய் பென்ஷன். அதற்காக இன்றைக்கு மாதம் ஆறாயிரத்தை விட்டுக்கொடு என்று எந்த பி.காம். மாணவனிடம் சொன்னாலும் சிரிப்பான்.

“பாட்டில், அட்டை எல்லாம் பொறுக்கி விக்கறாங்களே, அது தனி வருமானம்தானே?” உண்மைதான். அட்டை கிலோ எட்டு ரூபாய், பத்து ரூபாய். நாம் சாம்பார் ஊற்றிய அட்டையை எந்தக் கடைக்காரரும் வாங்குவதில்லை. நாம் எதையும் பிரித்துக் கொடுக்காததால், அவர் வெறும் கையால் கிளறிப் பிரிக்கிறார். உடைந்த கண்ணாடியும் ஊசியும் கையில் ஏறுகின்றன. அதற்குப் பெயர் வருமானமா? கொடுங்கையூர் குப்பைமேட்டை நம்பிப் பிழைப்பவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்குச் சம்பளம் என்ற சொல்லே கிடையாது. எடைதான். குப்பை பொறுக்குவோரை அடையாளம் கண்டு முறையாக வேலையில் இணைக்க வேண்டும் என்று 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே எழுதி வைத்தார்கள். விதி காகிதத்தில் இருந்தது. அந்தக் காகிதத்தையும் அவர்கள்தான் பொறுக்கியிருப்பார்கள்.

“தனியார் வந்தா ஊர் சுத்தமாகும்.” சென்னையில் இது ஒன்றும் புது மருந்து இல்லை. 2000-ல் மூன்று மண்டலங்களுக்கு ஓனிக்ஸ் வந்தது. 2007-ல் நீல் மெட்டல் ஃபனால்கா. 2012-ல் ராம்கி. 2020-ல் அர்பேசர் சுமீத். வண்டியின் நிறம் மாறியது. சட்டையின் நிறம் மாறியது. நான்கு கம்பெனி மாறியும் சென்னையின் குப்பை கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும்தான் போனது. கம்பெனி எப்படிச் செலவைக் குறைக்கிறது? டீசல் விலையை அது குறைக்க முடியாது. லாரி விலையைக் குறைக்க முடியாது. குப்பை எடுக்கும் தொழிலில் குறைக்க முடிகிற ஒரே பெரிய செலவு, ஆள் சம்பளம். எல்1 என்று குறைந்த விலைக்கு டென்டர் எடுத்தவர் லாபமும் பார்க்க வேண்டும் என்றால், அதை இந்த அம்மாவின் கையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஆறாயிரத்தை அள்ளிக்கொண்டு போனது யார் என்ற கேள்விக்கு இதுதான் பாதிப் பதில். மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

“நிரந்தரமாக்கினா காலம் பூரா அந்தச் சாதிக்காரங்களே குப்பை அள்ளணுமா?” இது கொஞ்சம் கனமான வாதம். முற்போக்காளர்களே கேட்டார்கள். இந்த வேலையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் மக்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் சத்தமாகச் சொல்லாத உண்மை. அடுத்த தலைமுறை இந்த வேலையை விட்டு வெளியே போக வேண்டும், மறுபேச்சே இல்லை. ஆனால் எப்படிப் போகும்? ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அந்தப் பெண் நர்ஸிங் படிக்க வேண்டும் என்கிறாள். அவள் குப்பை வண்டி தள்ளப் போகிறாளா, ஆஸ்பத்திரிக்குப் போகப் போகிறாளா என்பதை முடிவு செய்வது அந்த ஆறாயிரம் ரூபாய்தான். அம்மாவின் சம்பளத்தைக் குறைத்து மகளுக்குச் சமூக நீதி வாங்கித் தர முடியாது.

“மாநகராட்சிகிட்ட காசு எங்க சார் இருக்கு?” வாருங்கள், மறுபடியும் கணக்கு. இரண்டாயிரம் பேர், ஆளுக்கு ஆறாயிரம். மாதம் ஒரு கோடியே இருபது லட்சம். வருடம் 14 கோடியே 40 லட்சம். சென்னை மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட் எட்டாயிரம் கோடிக்கு மேல். நூறு ரூபாயில் 18 காசு. 2011 சென்சஸில் விரிவான சென்னையின் மக்கள்தொகை சுமார் 66 லட்சம். தலைக்கு வகுத்தால் வருடத்துக்கு 22 ரூபாய். இன்றைக்கு ஜனத்தொகை கூடியிருக்கும், அதனால் இன்னும் குறையும்.

இருபத்திரண்டு ரூபாய். டீக்கடையில் இரண்டு டீகூட வராது.

காசு இல்லாததால் நடந்த விஷயம் இல்லை இது. இவர்களுக்கு இது போதும் என்று யாரோ நினைத்ததால் நடந்தது. அந்த யாரோவில் நானும் நீங்களும் உண்டு. வீட்டுக்கு 50 ரூபாய் போதும் என்று கை தூக்கினோமே, அதே மனசுதான் டென்டர் ஃபைலிலும் கையெழுத்துப் போடுகிறது. மீதிப் பாதிப் பதில் இதுதான்.

* * *

நமக்கு இவர்களை வணங்கத் தெரியும். சம்பளம் கொடுக்கத்தான் தெரியாது. 2019-ல் பிரதமர் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் தூய்மைப் பணியாளர்களின் காலைக் கழுவினார். 2020-ல் தமிழக அரசு ‘துப்புரவுப் பணியாளர்’ என்ற பெயரை ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாற்றியது. கொரோனா நாட்களில் மாலை போட்டோம், கை தட்டினோம், பூத் தூவினோம். மாலையை மறுநாள் அள்ளியதும் அவர்கள்தான்.

1968-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் குப்பை அள்ளும் கறுப்பினத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மழைக்கு வண்டிக்குள் ஒதுங்கிய இரண்டு தொழிலாளர்கள் குப்பையை நசுக்கும் இயந்திரத்தில் சிக்கி இறந்ததுதான் தொடக்கம். முழுநேரம் உழைத்தும் குடும்பம் நடத்தப் போதாத சம்பளம். அவர்கள் கழுத்தில் தொங்கிய அட்டையில் எழுதியிருந்தது, ‘நான் ஒரு மனிதன்’ என்பதுதான். அவர்களுக்கு ஆதரவாக அந்த ஊருக்குப் போன இடத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நம் ஊரில் 2025 ஆகஸ்ட் 23-ம் தேதி விடியற்காலையில், கண்ணகி நகரில் வேலைக்குக் கிளம்பிய ஒரு தூய்மைப் பணியாளர், தேங்கிய மழைநீரில் கசிந்த மின்சாரம் தாக்கி இறந்தார். அவரும் ஒரு பெண். ரிப்பன் மாளிகை வாசலில் இருந்து பெண்களை அகற்றி பத்து நாள்தான் ஆகியிருந்தது. நகரத்துக்குள் இருந்த குடிசைகளை அகற்றி, மக்களைக் கொண்டுபோய் விட்ட இடம் கண்ணகி நகர். நகரத்தைச் சுத்தம் செய்ய மட்டும் அவர்கள் இருட்டில் கிளம்பி நகரத்துக்குள் வர வேண்டும்.

* * *

கட்டுரை படித்தோம், உச்சுக் கொட்டினோம், பக்கத்தைப் புரட்டினோம் என்று போகாதீர்கள். உங்களுக்கு மூன்று வேலை தருகிறேன். மூன்றுக்கும் பைசா செலவில்லை.

ஒன்று. உங்கள் தெருவில் குப்பை எடுப்பவருக்கு யார் சம்பளம் தருகிறார்கள், எவ்வளவு கையில் வருகிறது, சம்பளச் சீட்டு தருகிறார்களா, பி.எஃப். பிடித்ததைக் கட்டியிருக்கிறார்களா என்று அவரிடமே கேளுங்கள். பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெளியே சொல்லாதீர்கள்.

இரண்டு. உங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஒரு கடிதம். தெரு விளக்கு எரியவில்லை என்றால் போன் போடுகிறோம் இல்லையா? அதேபோல, ‘எங்கள் மண்டலக் கான்டிராக்டில் ஒரு தொழிலாளிக்கு என்று ஒதுக்கியது எவ்வளவு, அவர் கைக்குப் போனது எவ்வளவு?’ என்று கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாலும் பத்து ரூபாய்தான். (சரி, இதற்கு மட்டும் செலவு உண்டு.)

மூன்று. மக்கும் குப்பை, மக்காத குப்பையைப் பிரித்துக் கொடுங்கள். கண்ணாடியையும் நாப்கினையும் தனியாகப் பேப்பரில் சுற்றி அடையாளம் போட்டுக் கொடுங்கள். சம்பளத்தை உயர்த்த நம்மால் இன்றைக்கே முடியாது. அவர் கையில் ரத்தம் வராமல் இருக்க இன்றைக்கே முடியும்.

எங்கள் அபார்ட்மென்ட் கதையை முடித்துவிடுகிறேன். இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். தீபாவளிக் காசு 50 என்பது 200 ஆனது. மாடி வீட்டுக்காரர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். 4,800 ரூபாயைக் கவரில் போட்டு அந்த அம்மாவிடம் கொடுத்தோம். எண்ணிப் பார்த்தார். சந்தோஷம்தான். உடனே மனசுக்குள் கழித்தும் பார்த்திருப்பார் போல.

“இந்த மாசத் துண்டு சரியாப் போச்சு சார்” என்றார். வண்டியைத் தள்ளிக்கொண்டே கேட்டார்: “அடுத்த மாசத்துக்கு?”